ஓடினால்தான் நிலைக்கும்: சாப் 900 டர்போ கன்வர்ட்டிபிள்

சாப் 900 டர்போ கன்வர்ட்டிபிள், ஸ்வீடன் நிறுவனம் ஒன்று உருவாக்கி, ஃபின்லாந்துத் தொழிற்சாலையில் 1986 முதல் 1990களின் முற்பகுதி வரை தயாரித்த திறந்த கார். முன்சக்கரங்கள் இழுக்கும் வண்டி. இரண்டு கதவுகள், நான்கு இருக்கைகள், மின்விசையால் மடங்கும் துணிக் கூரை. எஞ்சினின் கொள்ளளவு 1,985 கன சென்டிமீட்டர். நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு. கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் பொருத்தாத மாடல்களில் அது 175 குதிரைத்திறன் தந்தது. மொத்தம் ஏறத்தாழ 49 ஆயிரம் கன்வர்ட்டிபிள்கள் தயாராயின. அவற்றைச் செய்த நிறுவனம் 2011 டிசம்பரில் திவாலாகிவிட்டது. வண்டிகளில் பல இன்றும் சாலையில் இருக்கின்றன.

செய்தவர் இல்லாமல் போன பிறகும் ஒரு இயந்திரம் எப்படி உயிரோடு இருக்கிறது என்பதை அறிய இந்தக் கார் நல்ல சான்று. பழைய கார் ஒன்றைக் குறித்து ‘அப்படியே இருக்கிறது’ என்று வியந்து சொல்வது உண்டு. உண்மையில் எந்தக் காரும் அப்படியே இருப்பதில்லை. இரும்பு துருப்பிடிக்கும், ரப்பர் வெடிக்கும், ஆயில் கெடும், துணி நைந்துபோகும். முப்பது, நாற்பது ஆண்டு கடந்து நல்ல நிலையில் நிற்கும் காருக்குப் பின்னால், அதை ஓட்டியவர்களின் கவனமும், பழுதுபார்த்தவர்களின் கைத்திறனும், உதிரிபாகம் கிடைக்கச் செய்தவர்களின் உழைப்பும் இருக்கின்றன. சரியாகப் பேணுவது என்பது பெரும்பாலும் சரியாகப் பயன்படுத்துவதுதான்.

இந்தக் காரின் வேர் விமானத் தொழிலில் இருக்கிறது. சாப் நிறுவனம் 1937இல் ஸ்வீடனின் விமானப்படைக்கு விமானம் கட்டுவதற்காகத் தொடங்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்து விமானத் தேவை குறைந்தபோது, தொழிற்சாலைக்கும் ஆட்களுக்கும் வேறு வேலை தேவைப்பட்டது. குன்னார் யுங்ஸ்ட்ரோம் என்ற பொறியாளரின் தலைமையில், கார் கட்டிய அனுபவம் அதிகம் இல்லாத சிறு குழு ஒன்று வேலையை ஆரம்பித்தது. உருவம் தந்தவர் சிக்ஸ்டன் சாசோன். விமான இறக்கையைக் குறுக்கே வெட்டினால் தெரியும் வளைவைப் போன்ற உடல். காற்றைக் கிழிக்காமல் வழுக்கிச் செல்லும் முகப்பு. 1949 டிசம்பரில் சாப் 92 என்ற பெயரில் அந்தக் கார் ட்ரோல்ஹெட்டன் நகரில் தயாராகத் தொடங்கியது. அதன் இரண்டு சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு 25 குதிரைத்திறன்தான். குறைந்த சக்தியைக் கொண்டு நிறையச் சாதிக்க வேண்டும், அதற்குக் காற்றோடு சண்டையிடக் கூடாது என்ற எண்ணம் அன்றே நிறுவனத்தின் இயல்பாகிவிட்டது.

1967 நவம்பரில் அறிமுகமான சாப் 99, சாசோனின் கடைசிப் பெரிய வடிவமைப்பு. அந்த ஆண்டிலேயே அவர் இறந்தார். அவருக்குப் பின் வடிவமைப்புப் பொறுப்பை ஏற்ற பியோர்ன் என்வால், 99இன் முகப்பை நீட்டி, மோதல் பாதுகாப்பைக் கூட்டி, 1978இல் சாப் 900 ஆக்கினார். நன்றாக வளைந்து பக்கங்களைத் தொடும் முன்கண்ணாடி, செங்குத்துக்கு நெருக்கமாக நிற்கும் அதன் சாய்வு, முன்பக்கம் கீல் வைத்துத் திறக்கும் அகலமான பானெட் என அந்தக் காரின் அடையாளங்கள் எல்லாம் 99இல் தொடங்கியவை. 1993 வரை ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட 900கள் தயாராயின. கன்வர்ட்டிபிள் அவற்றில் சிறு பங்கு.

காரின் உள்ளமைப்பு அதற்கே உரியது. எஞ்சின் 45 டிகிரி சாய்ந்து, நீளவாக்கில், ஆனால் முன்பின்னாக மாறி அமர்ந்திருக்கிறது. கிளட்ச் காரின் மூக்கை நோக்கியிருக்கும். அங்கிருந்து சக்தி ஒரு சங்கிலி வழியாகக் கீழிறங்கி, எஞ்சினுக்கு அடியில் இருக்கும் கியர்பாக்ஸை அடைகிறது. பிறகு முன்சக்கரங்களுக்குப் போகிறது. இந்த அமைப்பால் எடை முன்சக்கரங்களின் மேல் விழுந்து, பனிச் சாலையில் பிடிமானம் கிடைத்தது. பட்டறைக்கும் ஒரு நன்மை உண்டு: எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்காமல், பானெட்டைத் திறந்தே கிளட்ச்சை மாற்றிவிடலாம். பல முன்சக்கரக் கார்களில் கியர்பாக்ஸை இறக்கினால்தான் அந்த வேலை நடக்கும். பழுதுபார்க்க இடம் விட்டுக் கட்டிய வண்டி நீண்ட நாள் வாழ வாய்ப்பு அதிகம். 900இன் ஆயுளுக்கு அதன் பொறியாளர்கள் வரைபலகையிலேயே பங்களித்திருக்கிறார்கள்.

அந்தக் காருக்குப் புகழ் தந்தது டர்போ. அதன் தத்துவம் எளிது. எரிபொருளை எரிக்கக் காற்று வேண்டும். ஒரே அளவுள்ள சிலிண்டருக்குள் அதிகக் காற்றைத் திணித்தால் அதிக எரிபொருளை எரித்து அதிக சக்தி பெறலாம். காற்றைத் திணிக்கும் விசையை டர்போசார்ஜர் வீணாகப் போகும் புகையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. எஞ்சினை விட்டு வெளியேறும் சூடான வாயு ஒரு சிறு டர்பைனைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள கம்ப்ரசர், வெளிக்காற்றை உறிஞ்சி அழுத்தி எஞ்சினுக்குள் அனுப்புகிறது. தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுகளையும் தாண்டிச் சுழலும். அதைத் தாங்கி நிற்பது மெல்லிய ஆயில் படலம் மட்டுமே. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பியூஹி 1905இலேயே இந்த யோசனைக்குக் காப்புரிமை பெற்றார். கப்பல், விமானம், லாரி எஞ்சின்களில் அது பல பத்தாண்டுகள் பழகிய பிறகே கார்களுக்கு வந்தது.

காரில் அதன் தொடக்கம் கடினமாக இருந்தது. 1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர், செவ்ரோலே கார்வேர் மான்ஸா ஸ்பைடர் என்ற இரண்டு டர்போ கார்கள் விற்பனைக்கு வந்தன. ஜெட்ஃபயரில் அளவுக்கு மீறிய சூட்டால் எரிபொருள் தாறுமாறாக வெடிப்பதைத் தடுக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டியிருந்தது. பல உரிமையாளர்கள் அதை நிரப்ப மறந்தார்கள்; அந்தக் கார்கள் பலவற்றில் டர்போவையே பிற்பாடு கழற்றி எறிந்தார்கள். 1973இல் பி.எம்.டபிள்யூ 2002 டர்போவும், 1974இல் போர்ஷே 911 டர்போவும் ஐரோப்பாவில் வந்தன. இரண்டும் பந்தயப் பட்டறையில் பிறந்த எண்ணங்கள். உச்ச வேகம் அவற்றின் நோக்கம். ஆக்சிலரேட்டரை மிதித்தால் சற்று நேரம் ஒன்றும் நடக்காது; பிறகு சக்தி மொத்தமாக வந்து மோதும்.

சாப் வேறு தேவையிலிருந்து டர்போவுக்கு வந்தது. சிறிய நிறுவனம், புதிதாக ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்றை உருவாக்கப் பணம் இல்லை. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு பெரிய எஞ்சின் மக்களுக்கும் வேண்டாத பொருளாகிக்கொண்டிருந்தது. 1969இல் சாப்போடு இணைந்த ஸ்கானியாவுக்கு லாரி எஞ்சின்களில் டர்போ அனுபவம் இருந்தது. பெர் யில்பிராண்ட் என்ற பொறியாளரும் அவருடன் இருந்தவர்களும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். உச்ச வேகத்தில் யாருக்கும் அதிக சக்தி தேவையில்லை. மேட்டில் ஏறும்போதும், முன்னால் போகும் லாரியை முந்தும்போதும்தான் தேவை. அதற்குச் சிறிய டர்பைன் வேண்டும். சிறியது சீக்கிரம் சுழலும். சுழற்சி மிதமிஞ்சும்போது, உபரிப் புகையை டர்பைனைத் தொடாமல் வெளியேற்ற ஒரு வால்வு வேண்டும். அதுவே வேஸ்ட்கேட். இந்த எண்ணத்தில் கட்டப்பட்ட 145 குதிரைத்திறன் சாப் 99 டர்போ, 1977இல் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் அறிமுகமானது. 1979 ஸ்வீடிஷ் ராலியில் ஸ்டிக் புலோம்க்விஸ்ட் அதை ஓட்டி வென்றார். உலக ராலி போட்டி வரிசையில் டர்போ கார் ஒன்று பெற்ற முதல் வெற்றி அது. ஸ்வீடனில் யில்பிராண்டுக்கு ‘டர்போ-பெல்லே’ என்ற செல்லப்பெயர் நிலைத்தது.

அடுத்த தடை ‘நாக்கிங்’. அழுத்திய காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவை, பொறி முழுவதுமாகப் பரவுமுன் சூட்டினால் தானாகவே வெடிப்பதுண்டு. அந்த அதிர்ச்சி பிஸ்டனைச் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம். தொடர்ந்தால் எஞ்சின் உடையும். எரிபொருளின் ஆக்டேன் எண் குறைந்தால் ஆபத்து கூடும். ஆகவே முந்தைய டர்போ எஞ்சின்கள் மோசமான எரிபொருளையும் தாங்கும்படி, எப்போதும் கொஞ்சம் அடக்கியே இயக்கப்பட்டன. சாப் 1980களின் தொடக்கத்தில் கொண்டுவந்த ஏ.பி.சி. என்ற அமைப்பு இதைத் தீர்த்தது. எஞ்சின் பிளாக்கில் பதித்த ஓர் உணரி நாக்கிங் தொடங்கும் அதிர்வைக் கேட்கிறது. கேட்ட உடனே மின்னணுக் கருவி ஒரு வால்வின் மூலம் வேஸ்ட்கேட்டைத் திறந்து அழுத்தத்தைக் குறைக்கிறது. அதிர்வு நின்றதும் அழுத்தம் மறுபடி ஏறும். எரிபொருள் எப்படியிருந்தாலும் எஞ்சின் அதற்குத் தக்க சக்தியைத் தானே தேர்ந்துகொண்டது. இன்று அனேகமாக எல்லா டர்போ பெட்ரோல் எஞ்சினிலும் இந்தத் தன்னுணர்வு உண்டு.

1984 மாடல்களில் பதினாறு வால்வு எஞ்சின் வந்தது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான்கு வால்வுகள், மேலே இரண்டு கேம் தண்டுகள், அவற்றை இயக்க ரப்பர் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி. டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்வித்துச் செறிவாக்க இன்டர்கூலர். நிமிடத்துக்கு 3,000 சுற்றிலேயே 273 நியூட்டன் மீட்டர் திருகுவிசை கிடைத்தது. அந்நாளில் அது மூன்று லிட்டர் எஞ்சின்களுக்குரிய அளவு. வண்டி ஓட்டுகிறவருக்கு இந்த எண் உணரக் கிடைப்பது சாலையின் நடுவில்தான்: எழுபது, எண்பது கிலோமீட்டர் வேகத்தில் கியரை மாற்றாமல் மிதித்தால், ஒரு மூச்சு இடைவெளிக்குப் பின் நீண்ட, சீரான உந்துதல். டேஷ்போர்டிலுள்ள சிறிய டர்போ மானியின் முள் எழுவதும் தாழ்வதும், எஞ்சின் எவ்வளவு காற்றை வாங்குகிறது என்பதைச் சொல்லிக்கொண்டே இருக்கும்.

குளிர் மிகுந்த வட நாட்டிலிருந்து வந்த இந்தக் கார் ஏன் கூரையைக் கழற்றியது என்பதற்கு விடை அமெரிக்காவில் இருக்கிறது. 1950கள், 60களில் அங்கே திறந்த கார்கள் நிறைய ஓடின. ஏர் கண்டிஷனரும் நெடுஞ்சாலை வேகமும் அவற்றின் கவர்ச்சியைக் குறைத்தன. கார் கவிழ்ந்தால் வேண்டிய பாதுகாப்புக்கு அரசு கடும் விதி கொண்டுவரும் என்ற அச்சமும் சேர்ந்தது. 1976இன் காடிலாக் எல்டோராடோ, கடைசி அமெரிக்கக் கன்வர்ட்டிபிள் என்ற விளம்பரத்தோடு விற்கப்பட்டது. அஞ்சிய அளவுக்குத் தடைவிதி வரவில்லை. 1982இல் கிரைஸ்லர் திறந்த காரை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்ததும், விருப்பம் இன்னும் சாகவில்லை என்று தெரிந்தது.

சாப்பின் அமெரிக்கக் கிளைக்குத் தலைவராக இருந்த ராபர்ட் சின்கிளேர், 900இலிருந்து கன்வர்ட்டிபிள் செய்ய வேண்டும் என்று ஸ்வீடனை வலியுறுத்தினார். தலைமையகத்தில் தயக்கம் இருந்தது. ஆண்டில் பல மாதம் பனி மூடும் நாட்டில், பாதுகாப்பையே விற்பனைப் பண்பாகக் கொண்ட நிறுவனம் கூரையில்லாக் கார் விற்பதா? மிச்சிகனில் இருந்த அமெரிக்கன் சன்ரூஃப் நிறுவனம் கட்டிய மாதிரி வண்டி, 1983 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வைக்கப்பட்டது. கிடைத்த வரவேற்பு தயக்கத்தைப் போக்கியது. உற்பத்தியை மேற்கு ஃபின்லாந்தின் ஊசிகௌபுங்கி நகரில், சாப்பும் ஃபின்லாந்து அரசு நிறுவனமான வால்மெட்டும் 1968இல் சேர்ந்து தொடங்கிய தொழிற்சாலை ஏற்றது. கூரை அமைப்பைப் பொருத்துவதற்கு மிகுந்த கைவேலை தேவை. பொறுமையாக வேலை செய்யும் ஆட்கள் அங்கே இருந்தார்கள். அந்தத் தொழிற்சாலை பிற்காலத்தில் போர்ஷே பாக்ஸ்டர்களையும் கட்டியது. திறந்த கார் கட்டும் திறன், சாப் 900 மூலமாக அங்கே வேரூன்றியது என்றே சொல்லலாம்.

காரின் கூரை, மழையைத் தடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. முன்கண்ணாடிச் சட்டத்தையும் பின்பகுதியையும் இணைத்து, மொத்த உடலையும் ஒரு பெட்டியாகக் கட்டி வைத்திருப்பது அதுதான். கூரையை அறுத்தால் உடல் முறுக்கும், மேடுபள்ளத்தில் கண்ணாடியும் ஸ்டீயரிங்கும் நடுங்கும், கதவு பொருந்தாது. இழந்த வலுவை ஈடுகட்ட, கன்வர்ட்டிபிளின் அடிப்பக்கச் சட்டங்கள், முன்கண்ணாடித் தூண்கள், பின்னிருக்கைக்குப் பின்னுள்ள பகுதி ஆகியவை பலப்படுத்தப்பட்டன. சேர்த்த எஃகு எடையைக் கூட்டியது; அந்த எடையைச் சுமக்க டர்போவின் திருகுவிசை உதவியது. டர்போ, திறந்த கூரை என்ற இரண்டு எண்ணங்களும் இந்தக் காரில் ஒன்றையொன்று தாங்குகின்றன.

கூரை மூன்று அடுக்குடையது: வெளியே தடித்த துணி, நடுவே வெப்பம் காக்கும் அடுக்கு, உள்ளே கம்பிச் சட்டங்களை மறைக்கும் உட்துணி. பின்பக்கம் பிளாஸ்டிக் தாளுக்குப் பதில் உண்மையான கண்ணாடி. அதில் பனியை உருக்கும் மின்கம்பிகள். அக்காலத்துத் திறந்த கார்கள் பலவற்றில் பின்ஜன்னல் பிளாஸ்டிக்கால் ஆனது. இரண்டு, மூன்று ஆண்டில் மங்கிப்போகும். சாப்பின் கார் ஜனவரி மாதத்திலும் ஓடுவதற்காகக் கட்டப்பட்டது. சூடாகும் முன்னிருக்கை சாப்பில் 1970களின் தொடக்கத்திலிருந்தே உண்டு. கதவின் அடிப்பாகம் படியை மூடிக் கீழே இறங்குவதால், இறங்குகிறவரின் கால்சட்டையில் சேறு படாது. சாவித் துளை இரண்டு முன்னிருக்கைகளுக்கு நடுவே, கியர் தண்டின் அருகில் இருக்கிறது. மோதலின்போது முழங்காலில் குத்தாது, சாவியை எடுத்தால் ரிவர்ஸ் கியர் பூட்டிக்கொள்ளும். ஓட்டுநரைச் சுற்றி வளைந்து நிற்கும் டேஷ்போர்டில், அடிக்கடி தேவைப்படும் பொத்தான்கள் மேலேயும் மற்றவை கீழேயும் இருக்கும். ஒவ்வொன்றும் மனித உடலையும் வானிலையையும் யோசித்து வைத்தது.

இத்தகைய காரைக் காலம் எங்கே தாக்கும் என்பதை அறிவதே பேணுதலின் முதல் பாடம். முதல் எதிரி துரு. வட நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பு தூவுவார்கள். அந்த உப்புநீர் எஃகுத் தகடுகள் சேரும் இடுக்குகளில் தங்கும். 900இல் முன்சக்கரத்துக்கான டிரைவ் ஷாஃப்ட் செல்லும் சுரங்கப்பகுதி, சக்கர வளைவுகள், கதவின் அடிவிளிம்பு, பேட்டரித் தட்டு ஆகியவை அரிக்கும் இடங்கள். பளபளக்கும் பெயிண்டுக்கு அடியில் இவை உளுத்திருக்கலாம். ஆகவே பழைய காரை மதிப்பிடுகிறவர்கள் முதலில் குனிந்து அடியைப் பார்க்கிறார்கள். கூரையின் வழியாகப் புகும் மழைநீர் வடியும் குழாய்கள் அடைபட்டால், தரைவிரிப்புக்கு அடியில் நீர் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் குழாய்களைச் சுத்தம் செய்வது சில நிமிட வேலை. செய்யாமல் விட்டால் தரைத் தகட்டையே வெட்டி ஒட்ட வேண்டிவரும்.

இரண்டாவது ஆபத்து டர்போவில் இருக்கிறது. வேகமாக ஓடி நின்ற டர்பைனின் உறை நூற்றுக்கணக்கான டிகிரி சூட்டில் இருக்கும். உடனே எஞ்சினை அணைத்தால் ஆயில் ஓட்டம் நிற்கும். தண்டைச் சுற்றித் தங்கிய ஆயில் கருகிக் கரியாகும். அந்தக் கரி ஆயில் வழிகளை அடைத்து, தாங்கிகளைத் தேய்க்கும். பிந்தைய மாடல்களில் டர்போவைச் சுற்றித் தண்ணீரும் ஓடியதால் இந்தத் தொல்லை குறைந்தது. எனினும் பழக்கமறிந்தவர்கள் வீட்டை நெருங்கும் கடைசித் தூரத்தை மெதுவாக ஓட்டி, நிறுத்திய பின் சற்று நேரம் எஞ்சினை ஓடவிட்டே அணைப்பார்கள். குளிர்ந்த எஞ்சினைத் தொடங்கிய உடனே விரட்டுவதும் தவறு. ஆயில் சூடேறி எங்கும் பரவும் வரை மென்மையாக ஓட்ட வேண்டும். ஆயிலை நேரத்துக்கு முன்பே மாற்றுவது இந்த எஞ்சினுக்குச் செய்யும் மிகப் பெரிய நன்மை. கியர்பாக்ஸ் இந்தக் காரின் மெலிந்த உறுப்பு. எஞ்சின் தரும் திருகுவிசையை அது பொறுத்துக்கொள்ள, முரட்டுத்தனமாகக் கியர் மாற்றாமலிருப்பதும், அதன் ஆயிலைக் கவனிப்பதும் அவசியம்.

மூன்றாவது தாக்குதல் சும்மா நிற்பதால் வருவது. ஓடாத காரில் சிலிண்டர் சுவரிலிருந்து ஆயில் வடிந்து ஈரம் படியும். பிரேக் காலிப்பர் இறுகும். பெட்ரோல் கெட்டுப் பிசினாகி இன்ஜெக்டரை அடைக்கும். கூரையை இயக்கும் ஹைட்ராலிக் சிலிண்டர்களின் சீல்கள் உலர்ந்து கசியும். டயர் ஒரே இடத்தில் அமுங்கி வட்டம் இழக்கும். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். ஆகவே கண்ணாடிக் கூண்டில் வைத்த கார் நீடிக்கும் என்ற நம்பிக்கை தவறு. மாதம் ஒன்றிரண்டு முறையாவது முழுச் சூடேறும் வரை ஓடி, கூரையை ஒருமுறை திறந்து மூடி, பிரேக்கை நன்றாகப் பிடித்துப் பார்த்த காரே ஆரோக்கியமாக இருக்கிறது. இயந்திரத்தின் ஒவ்வொரு உறுப்பும் அசைவதற்காகவே செய்யப்பட்டது. அசைவுதான் அதற்கு ஆயிலையும் வெப்பத்தையும் கொண்டுசேர்க்கிறது.

தனி மனிதரின் அக்கறை மட்டும் போதாது என்பதை சாப்பின் வீழ்ச்சி காட்டியது. 1990இல் ஜெனரல் மோட்டார்ஸ் அதன் கார் பிரிவில் பாதிப் பங்கை எடுத்தது. 2000இல் முழுவதையும் வாங்கியது. 2010இல் டச்சு நிறுவனம் ஸ்பைக்கருக்கு விற்றது. 2011 டிசம்பர் 19இல் சாப் ஆட்டோமொபைல் திவால் மனு கொடுத்தது. பெரும்பாலான நிறுவனங்கள் இப்படி முடிந்தால், அவற்றின் கார்கள் சில ஆண்டுகளில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். சாப்புக்கு அப்படி நேராமல் காத்தவை இரண்டு. ஒன்று, உதிரிபாகப் பிரிவு தனி நிறுவனமாக ஸ்வீடன் அரசின் கைக்கு வந்து, ஓரியோ என்ற பெயரில் தொடர்ந்து பாகங்களை வழங்கியது. மற்றொன்று, ட்ரோல்ஹெட்டனில் உள்ள சாப் கார் அருங்காட்சியகம். 2012இல் அதன் கார்களைத் தனித்தனியே விற்றுக் கடனை அடைக்கும் நிலை வந்தபோது, நகராட்சியும், விமான நிறுவனமாக இன்றும் இயங்கும் சாப் ஏ.பி.யும், வாலன்பெர்க் குடும்ப அறக்கட்டளை ஒன்றும் சேர்ந்து மொத்தத் தொகுப்பையும் வாங்கி நகரிலேயே நிறுத்தின. தன் தொழிற்சாலையை இழந்த ஊர், தன் நினைவை விற்க மறுத்தது போற்றத்தக்க செயல்.

பல நாடுகளிலும் உரிமையாளர் சங்கங்கள் உருவாகி, பழைய பட்டறைக் கையேடுகளைத் திரட்டி, தயாரிப்பு நின்ற பாகங்களைச் சிறு தொழிற்கூடங்களில் மறுபடி செய்யவைக்கின்றன. கியர்பாக்ஸைப் பிரித்துக் கோக்கத் தெரிந்த மெக்கானிக்குகளுக்கு வயதாகிறது. அவர்கள் கையிலிருக்கும் அறிவு எந்தக் கையேட்டிலும் முழுமையாக எழுதப்படவில்லை: எந்தச் சத்தம் பேரிங்கின் சத்தம், எந்த போல்ட்டை எந்த வரிசையில் இறுக்க வேண்டும், கூரைத் துணியை எவ்வளவு இழுத்து ஒட்டினால் சுருக்கம் விழாது. இளைஞர் ஒருவர் அருகில் நின்று கற்காவிட்டால் அது அவர்களோடு போய்விடும். காரைப் பேணுவதில் மிகவும் எளிதில் அழியக்கூடியது எஃகைவிட இந்த அறிவுதான்.

பழைய கார்களைப் பேணுவதற்குக் கொள்கை வகுக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. 1966இல் தொடங்கிய ஃபீவா என்ற பன்னாட்டுப் பழங்கார்ச் சங்கம், முப்பது ஆண்டுக்குக் குறையாத, வரலாற்று முறைப்படி காக்கப்பட்ட, அன்றாடப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தாத வண்டியை வரலாற்று வாகனம் என்று வரையறுக்கிறது. கட்டடங்களைக் காப்பதற்கான 1964இன் வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றி, அது டூரின் சாசனத்தை ஏற்றது. அதன் சாரம்: கூடியவரை மாற்றாதே, மாற்றினால் பதிவு செய், பிற்காலத்தில் திருப்பக்கூடிய வகையில் செய், முழுமையாகப் புதுப்பிப்பதைவிடக் காத்துவைப்பதே மேல். ஜெர்மனியில் 1997 முதல், முப்பது வயது கடந்து மூலநிலையில் இருக்கும் வண்டிகளுக்குத் தனி எண்பலகை வழங்குகிறார்கள். கன்வர்ட்டிபிள்களில் முதலில் வந்தவை இந்த வயதை எப்போதோ தாண்டிவிட்டன.

மூலநிலை என்பது எளிய கருத்தன்று. டயர், பிரேக் பட்டை, ஆயில், ஹோஸ்பைப் ஆகியவை தேய்ந்து மாறுவதற்காகவே உள்ளவை. அவற்றை மாற்றினால் காரின் உண்மைத்தன்மை குறையாது. பெயிண்ட், இருக்கைத் தோல், கூரைத் துணி ஆகியவற்றில் கேள்வி கடினமாகிறது. ஓட்டுநர் ஏறி இறங்கித் தேய்ந்த இருக்கையின் ஓரம், அந்தக் கார் வாழ்ந்ததற்குச் சான்று. அதைப் புதுத் தோலால் மூடினால் அழகு கூடும், சாட்சி மறையும். ஆனால் கிழிந்த கூரையை அப்படியே விட்டால் மழை உள்ளே புகுந்து மற்றவற்றையும் அழிக்கும். ஆகவே நல்ல முடிவுக்கு ஒரு அளவுகோல் உண்டு: அழிவைத் தடுக்கத் தேவையானதை மாற்ற வேண்டும், வயதை மறைப்பதற்காக மட்டும் மாற்றக் கூடாது. அதிக சக்திக்காக டர்போவின் அழுத்தத்தைக் கூட்டுவதும், புதுமைக்காக டேஷ்போர்டை மாற்றுவதும் இந்த அளவுகோலுக்குள் வராதவை. கூட்டிய அழுத்தம் கியர்பாக்ஸையும் கொல்லும். பொறியாளர்கள் வகுத்த சமநிலையையும் குலைக்கும்.

நன்றாகப் பேணிய ஒரு சாப் 900 டர்போ கன்வர்ட்டிபிள், இவ்வாறு பல காப்புகளின் கூட்டுப்பயன். பழுதுபார்க்க இடம் விட்ட வடிவமைப்பு, தேவைக்குத் தக்க சக்தியைத் தேர்ந்த எஞ்சின், குளிரை எதிர்பார்த்துத் தைத்த கூரை, சூடு தணியும் வரை காத்திருக்கும் ஓட்டுநர், கற்பிக்க மனமுள்ள மெக்கானிக், பாகம் வழங்கும் கிடங்கு, தொகுப்பைப் பிரிக்க மறுத்த நகரம். இவற்றில் ஒன்று தவறினாலும் மற்றவை நெடுநாள் தாங்கா. வாங்குகிறவர் பணம் கொடுத்துப் பெறுவது எஃகையும் தோலையும் மட்டும். பிற எல்லாம் அவர் தொடர்ந்து செய்தாக வேண்டிய கடமையாக வந்துசேருகின்றன. அந்தக் கடமையை ஏற்று, கற்று, ஓட்டி, அடுத்தவருக்கும் சொல்லிக்கொடுத்துக் கையளிக்கிறவரே அந்தக் காரின் உண்மையான உரிமையாளர்.